சும்மா இருக்கும்போது நின்றுபோன கம்ப்யூட்டர்

இன்று வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, வடமாலபேட்டையில் கோமதியின் வீட்டு முன்னறையில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. அணையவில்லை; அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அம்பு நகரவில்லை. திரையின் கீழ் மூலையில் கடிகாரம் 9:22 என்று காட்டியது. என் கைக்கடிகாரத்தில் 9:30 ஆனபோதும் அங்கே 9:22தான். இதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், நானும் கோமதியும். அதற்கு முந்தைய இருபத்திரண்டு நிமிடமும் அந்த மெஷினை யாரும் தொடவில்லை. அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

நீ சொன்னது சரி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொன்னாய். நான் கண்ணால் பார்த்து உறுதி செய்தது இன்றைக்குத்தான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நின்ற மெஷினை அணைத்துவிட்டு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். திறந்ததும் அந்த வாசனை வந்தது: சூடான தூசி, நீ பிரஷ்ஷில் தொட்டுத் துடைக்கும் ஸ்பிரிட், உன் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கிராம்பு. கிராம்பின் வாசனை ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று ஆண்டு நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஸ்பிரிட்டும் நிற்காது. தூசி மட்டும்தான் உண்மையாக இருந்திருக்கும். மற்ற இரண்டையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

தகட்டின் உட்பக்கம் உன் பழுப்பு டேப் இருந்தது. உன் கைக்கு வந்து போகும் எல்லா மெஷினிலும் அதை ஒட்டி, கடைசியாக என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்று எழுதி வைப்பாய். அடுத்து திறப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பாய். அடுத்து திறப்பவனும் பெரும்பாலும் நீயாகத்தான் இருப்பாய். இந்த டேப்பில் மூன்று வரி.

"1600. 0.94. சும்மா. நின்னுச்சி.

3300. 1.18. சும்மா. ஓடுது.

தப்பு போர்டு பாதி, என் செட்டிங் பாதி."

கீழே உன் கையெழுத்து, தேதி. வங்கிக் காகிதத்தில் போடுவது போல முழுக் கையெழுத்து. மற்ற எந்த மெஷினிலும் நீ கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

கோமதி டேப்பைப் படித்துவிட்டு, "அண்ணா எனக்கு இத்த காட்டவே இல்ல சார்," என்றாள். எனக்கும் காட்டவில்லை என்று சொன்னேன். எழுத வேண்டியதை நான் எழுதியிருந்தால் நீ டேப்பில் எழுதியிருக்க மாட்டாய் என்பதைச் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான் முக்கால்வாசி. ஆனால் இன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில்தான் சொல்ல முடியும்.

நீயும் நானும் புத்தூரில் ஒரே வகுப்பில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். பிறகு நான் பேப்பருக்கு வந்தேன். நீ திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தாய். போர்டில் தெலுங்கு பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் இருந்தது. ஏன் தமிழ் சிறிசு என்று கேட்டதற்கு, "தமிழ்க்காரன் எப்பிடியும் உள்ள வந்து விசாரிப்பான்யா, போர்டு வேற எதுக்கு?" என்றாய். இருபது ஆண்டு அந்த மாடிப்படியில் டீ குடித்திருக்கிறோம். நீ என்னைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. 'பேப்பர்காரா' என்பாய்.

கெட்டுப்போன மெஷினைக் கொண்டுவருபவர்களிடம் நீ முதலில் கேட்பது ஒன்றுதான். "நிக்கறப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" பாட்டுக் கேட்டுக்கினு இருந்தேன், டைப் அடிச்சிக்கினு இருந்தேன் என்று பதில் வரும். எழுதிக்கொள்வாய். "சும்மாதான் இருந்தேன்" என்று யாராவது சொன்னால் சிரிப்பாய். "சும்மா இருந்தா எப்பிடிப்பா கெட்டுப் போவும்?" என்பாய். அந்தச் சிரிப்பை நீ பிறகு நிறுத்திவிட்டாய்.

கோமதி வடமாலபேட்டையில் மெயின் ரோட்டில் ஆன்லைன் சேவை மையம் நடத்தினாள். சான்றிதழ், ஆதார் திருத்தம், பரீட்சைக்கு விண்ணப்பம். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் யாரும் இல்லை. அம்மா இன்றும் கரும்பு வெட்டப் போகிறார். அந்த மையத்துக்கு அனுமதி வாங்க அவள் சித்தூருக்கும் திருப்பதிக்குமாக ஒரு வருடம் நடந்தாள். மெஷின் நீ கொடுத்தது, இரண்டாம் கை.

மலை மேல் தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கிற நாளன்று அங்கே கூட்டம் இருக்கும். காலை பத்து மணிக்குத் திறக்கும் என்றால் எட்டரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஊரில் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கோமதி ஒன்பதரைக்கு எல்லா விவரத்தையும் அடித்து, காத்திருக்கும் பக்கத்தைத் திறந்து வைப்பாள். பிறகு மற்ற எல்லாவற்றையும் மூடுவாள். பிரிண்டரை அணைப்பாள். மவுஸில் கை வைக்கக் கூடாது. கீபோர்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். முன்பு யாரோ அவசரப்பட்டு எதையோ அழுத்தி வரிசை போய்விட்டது என்பதால் வந்த வழக்கம் அது. மெஷினுக்குப் பாரம் குறைந்தால் பத்து மணிக்கு வேகமாக ஓடும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

"மூடும்மா, எல்லாத்தையும் மூடு. கொஞ்ச நேரம் அது ரெஸ்ட் எடுக்கட்டும்," என்று வயதான ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புரட்டாசிக்கான டிக்கெட் திறந்த அன்று, பத்து மணிக்குத் துண்டை எடுத்துப் பார்த்தால் மவுஸ் நகரவில்லை. அணைத்துப் போட்டு மறுபடி உள்ளே போவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதமும் அதே மாதிரி. மற்ற நாட்களில் காலையிலிருந்து மாலை வரை அதே மெஷின் நிற்காமல் ஓடியது. சான்றிதழ் அடித்தது, பிரிண்ட் போட்டது. டிக்கெட் அன்று மட்டும், அதுவும் பத்து மணிக்குச் சற்று முன்னால் நின்றது.

ஊர் என்ன நினைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பால் கூட்டுறவில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஜாதி சர்டிபிகேட்டுக்கு ஓடுது, டிக்கெட்டுக்கு மட்டும் ஓடாதா? இன்னா சார் டிராமா இது? புரோக்கர் கிட்ட வித்துட்டு, மெஷின் மேல பழி போடுது அந்தப் பொண்ணு." நான்கு குடும்பங்கள் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்தன. நான் போனேன். கோமதியிடம் கேட்டேன். மெஷின் நிற்கிறது சார், ஏன் என்று தெரியவில்லை என்றாள். புரோக்கர் யாரையும் தெரியாது என்றாள். மெஷினைப் பார்ப்பவர் யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

நீ அதற்கு முதல் நாள்தான் மெஷினைக் கடைக்கு எடுத்து வந்திருந்தாய். நான் மாடிக்கு வந்தபோது அதில் ஒரே நேரத்தில் இரண்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏதோ கணக்குப் போடும் புரோகிராமை வேறு ஓட விட்டிருந்தாய். காலையிலிருந்து இப்படியே வறுத்து எடுக்கிறேன், அசையவில்லை என்றாய்.

"கோளாறு இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலய்யா. நல்லாத்தான் ஓடுது."

"இதைப் போட்டுக்கலாமா?"

"நான் சொன்னதுதான? போட்டுக்கோ."

போட்டேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது: பழுது பார்ப்பவர் தகவல்' என்று தலைப்பு வந்தது. தலைப்பை வைத்தவன் நான் அல்ல. ஆனால் அதை நான் மறுக்கவும் இல்லை. என் குறிப்பேட்டில் உன் சொற்கள் அப்படியே இருக்கின்றன. எங்கள் தொழிலில் இதைச் சரியான செய்தி என்போம்.

அந்த வாரமே அவள் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். உத்தரவில் புகாரோடு என் செய்தியும் இணைப்பாக இருந்தது. இரண்டாவது வாரம் கடைக்கு இடம் கொடுத்தவர் ஷட்டருக்கு வேறு பூட்டுப் போட்டார்.

செய்தி வந்து பன்னிரண்டு நாள் கழித்து நீ போன் செய்தாய். "பேப்பர்காரா, எங்க கீற? ஒடனே வா," என்றாய். வந்தேன். மெஷின் உன் மேசை மேல் நின்றுபோயிருந்தது. நீ அதை ஒன்றும் செய்யாமல், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

"துன்னப் போனேன்யா. எல்லாத்தையும் மூடிட்டுத்தான் போனேன். வந்து பாக்கறேன், இப்பிடி நிக்குது. நேத்தும் இப்பிடித்தான். துன்னப் போறப்ப மட்டும் நிக்குது. நான் எதிர்ல குந்திக்கினு வேல குடுத்தா ஓடுது."

பிறகு அதை மறுபடி கிளப்பி, எனக்குப் புரியும்படி விளக்கினாய். நான் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பிலிருந்து சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் ப்ராசசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இல்லாதபோது தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். வேகம் இறங்கினால் அதற்கு வேண்டிய வோல்டேஜும் குறையும். சூடு குறையவும் மின்சாரம் மிச்சமாகவும் செய்த ஏற்பாடு அது. எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை பவர் செட்டிங்கில் ஒரு எண் முடிவு செய்கிறது. குறைந்தபட்சம் ஐந்து சதவீதம் என்று இருந்தால், தன்னால் முடிந்த அளவு கீழே போகும். குறைந்தபட்சமே நூறு என்று வைத்துவிட்டால் சும்மா இருந்தாலும் வேகம் இறங்காது. வோல்டேஜும் அதோடு மேலேயே நிற்கும்.

திரையில் சின்னக் கட்டம் ஒன்றைத் திறந்து காட்டினாய். வீடியோவை ஓட விட்டால் வேகம் 3300. வீடியோவை மூடிவிட்டுக் கையை எடுத்தால் நான்கைந்து விநாடியில் 1600. பக்கத்தில் வோல்டேஜும் 1.18-லிருந்து 0.94-க்குச் சேர்ந்து இறங்கியது. மவுஸை அசைத்தால் மேலே போய், மறுபடி கீழே வந்தது.

"நல்ல மதர்போர்டா இருந்தா இதுல ஒண்ணும் தப்பு இல்ல. உன் மெஷின், என் மெஷின், எல்லாம் நாள் பூரா இப்பிடித்தான் ஏறி எறங்கிக்கினு கீது. இது பழசு. ப்ராசசர் பக்கத்துல இந்த குட்டி குட்டி டப்பா பாரு, ரெண்டு தலை வீங்கிக் கீது. அதுங்கதான் வோல்டேஜ ஆடாம புடிக்கணும். கீழ எறங்கினா அதுங்களால புடிக்க முடியல. மேலயே நின்னா புடிச்சிக்குது."

"அப்போ டிக்கெட் அன்னைக்கு?"

"எல்லாத்தையும் மூடி, துண்டு போத்தி, தொடாத தொடாதன்னு அரை மணி நேரம் அத்த கீழயே படுக்க வெச்சாங்க. வேல செஞ்சிருந்தா நின்னிருக்காது. ரெஸ்ட் குடுத்தாங்க பாரு, அங்க நின்னுச்சி."

இதுவரை நீ மெஷினைப் பற்றிப் பேசினாய். பையிலிருந்து கிராம்பை எடுத்து வாயில் போட்டாய்.

"என் கடையிலிருந்து போற பழைய மெஷின் எல்லாத்துலயும் குறைஞ்சபட்சம் நூறு வெச்சிதான் அனுப்புவேன். இதுலயும் அப்பிடித்தான் இருந்துச்சி. ஆவணில இன்வர்ட்டர் வேணும்னு கேட்டுச்சி அந்தப் பொண்ணு. டிக்கெட் அன்னைக்கு கரெண்ட் போச்சின்னா இன்னா பண்றதுன்னு. நான்தான் போய் மாட்டிக் குடுத்தேன். பேட்டரி கூட கொஞ்ச நேரம் வரட்டும்னு பவர் சேவர்ல மாத்திட்டேன். திரை அணையாம, மெஷின் தூங்காம பாத்துக்கினேன். வேகத்த மட்டும் கீழ எறங்க வுட்டேன். நானே. இந்தக் கையாலதான்."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். நீ கவனித்தாய்.

"ஏன் நிறுத்திட்ட? எழுது."

"இது வெளிய வந்தா உன் கடைக்கு யார்யா வருவான்?"

"வராதவன் வராம போறான். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

"நியூஸ் டெஸ்க்ல கேக்கறேன்," என்றேன்.

நான் கேட்கவில்லை. இதுதான் நான் உனக்குச் சொல்லாதது. மறு வாரம் நீ கேட்டபோது, பழைய செய்தி, ஆறிப்போய்விட்டது, டெஸ்க்கில் ஆர்வம் இல்லை என்றேன். அதற்கு அடுத்த வாரம், ரிப்பேர்காரர் ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துப் போட முடியாது என்றேன். இரண்டும் பொய் என்று சொல்ல முடியாது. கேட்டிருந்தால் டெஸ்க் இவற்றைச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் கேட்கவில்லை. உன் கடையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் செய்தியையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன்.

நீ கோபப்படவில்லை. "நான் நல்லா ஓடுதுன்னு சொன்னத ஒரே ஆளு சொன்னதுன்னு நீ பாக்கலியே. அப்பிடியே போட்டியே," என்று ஒரு முறை சொன்னாய். அவ்வளவுதான். அதன் பிறகும் மாடிப்படியில் டீ குடித்தோம். தேர்தல் பேசினோம். உன் மகள் படிப்பைப் பேசினோம். கோமதி பேச்சு மட்டும் வரவில்லை.

அந்த இடைவெளியில் நீ என்ன செய்தாய் என்பது எனக்கு இன்று காலைதான் தெரிந்தது. இரண்டாவது சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நானும் கோமதியும் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது சொன்னாள்.

அனுமதி தரும் அலுவலகத்துக்கு நீயே மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாயாம். இரண்டு முறை. அங்கே ஒரு மேசையில் வைத்து, செட்டிங்கைப் பழையபடி கீழே இறக்கி, "அரை மணி நேரம் யாரும் கை வெக்காதீங்க சார், தானா நிக்கும்," என்று சொன்னாயாம். கிளார்க் நல்ல மனிதர்தான், தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார் என்றாள் கோமதி. ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"ஆகலேதே? நிக்கலியே, ஓடுதே?"

"மவுஸ வுடுங்க சார். தொட்டா ஓடும்."

"தொட்டா ஓடினா நல்ல மெஷின்தானே பாபு?"

"தொடாம இருந்தாதான் கெட்ட மெஷின் சார்."

அலுவலகம் முழுவதும் சிரித்ததாம். நீயும் சிரித்தாயாம். மறுபடி முதலிலிருந்து காத்திருந்தீர்கள். பத்து நிமிடத்தில் வேறு ஒருவர் வந்து, "இது நம்ம ஆபீஸுக்கு வந்த புது கம்ப்யூட்டரா?" என்று கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை போனபோது யாரும் தொடவில்லை. ஆனால் இருபதாவது நிமிடம் கரெண்ட் போய்விட்டது. கிளார்க் கடைசியில் சொன்னாராம்: "பாபு, நான் நம்பறேன். ஆனா ஃபைல்ல பேப்பர் கட்டிங் கீது. நீ நல்லா ஓடுதுன்னு சொன்னதா போட்டு கீது. இன்னொரு பேப்பர் கட்டிங் கொண்டா, பக்கத்துல வெக்கறேன்."

இதை நீ என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கோமதியிடம் கேட்டேன்.

"நான் சொல்லச் சொன்னேன் சார். 'அவனுக்குத் தெரியும்மா, திருப்பித் திருப்பிக் கேட்டா அவனுக்குக் கஷ்டம்'னாரு அண்ணா."

அந்த நேரத்தில் மெஷின் ஒரு மணி நேரம் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

உன் சாவுக்குக் கோமதி வந்திருந்தாள். என் எதிரில்தான் நின்றாள். மூன்று வாரம் முன்பு பேப்பர் அலுவலகத்துக்கு வந்தாள். அனுமதிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். இந்த மூன்று வருடம் வடமாலபேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூலிக்கு நின்றிருக்கிறாள். அங்கேயும் டிக்கெட் பற்றிப் பேச்சு வந்தால் அவளை டைப் அடிக்க விடுவதில்லையாம். விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஃபைலில் அந்தக் கட்டிங் இன்னும் இருக்கிறது.

"நீங்க எதுவும் புதுசா எழுத வேணாம் சார். அண்ணா மொதல்ல சொன்னதைப் போட்டீங்க. அப்புறம் சொன்னதையும் போடுங்க. அவ்ளோதான்."

டெஸ்க்கில் இந்த முறை உண்மையாகவே கேட்டேன். செய்தி ஆசிரியர் என்னைவிட இருபது வயது சின்னவர், கெட்டிக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இறந்துபோனவர் அன்னைக்கு இப்படிச் சொன்னார்னு இப்ப நீங்க சொல்றீங்க. இதுக்கு சோர்ஸ் யாரு? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றார். சரியான கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை நான் என்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் இன்றைய சோதனை. மெஷினை நீ கடைசியாக நூறில் வைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தாய். அவள் வீட்டில் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். செட்டிங் அப்படியே இருந்தது. முதலில் பவர் சேவருக்கு மாற்றி, எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒன்பது மணிக்குக் கையை எடுத்தோம். இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றது. டேப்பைப் படம் எடுத்துக்கொண்டு, தகட்டை மாட்டி, குறைந்தபட்சம் நூறில் வைத்து மறுபடி விட்டோம். இரண்டு மணி நாற்பது நிமிடம் சும்மா இருந்தது, நிற்கவில்லை. ஒரு தடவை நின்றது தற்செயலாக இருக்கலாம் என்பதால் மறுபடி பவர் சேவர். முப்பத்தொரு நிமிடத்தில் நின்றது.

மூன்றாவது தடவை காத்திருந்தபோது கோமதியின் அம்மா வயலிலிருந்து வந்தார். நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"மெஷின் நிக்கறதுக்கு வெயிட் பண்றோம்மா."

"நிக்காம இருக்கணும்னுதான வேண்டிக்கினு இருந்த இத்தினி வருசமா?"

"இன்னைக்கு மட்டும் நின்னா போதும்மா."

அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். நின்றதும், திரையையும் மகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போய்ச் சோறு வடித்தார். எனக்கும் போட்டார். சாப்பிட்டேன்.

மாலை நான்கு மணிக்குத் திருத்தத்தை அனுப்பினேன். பதினாறு வரி. மூன்று சோதனைகளின் நேரம், இரண்டு செட்டிங், உன் டேப்பின் படம். 'இன்வர்ட்டர் பொருத்தியபோது தான் மாற்றிய அமைப்பே ஒரு காரணம் என்று அவர் சொன்னார், தன் செட்டிங் பாதி என்று டேப்பிலும் எழுதி வைத்திருக்கிறார்' என்று ஒரு வரி. அதை எழுத உன் மனைவியிடம் கேட்டேன். "அவரு போடச் சொன்னதுதானே, போடுங்க," என்றார். அடுத்த வரி என்னைப் பற்றியது: 'இந்த விவரம் செய்தியாளருக்கு அப்போதே தெரிவிக்கப்பட்டது, அவர் வெளியிடவில்லை.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அனுப்பிய பிறகு என் மெஷினில் கையை எடுத்துவிட்டு, நீ போட்டுக் கொடுத்த அந்தச் சின்னக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். வேகம் இறங்கியது. வோல்டேஜ் இறங்கியது. நிற்கவில்லை. போர்டு நல்ல போர்டு. இப்போதெல்லாம் யாராவது ஒரு பொருள் நன்றாக இருக்கிறது, ஒரு மனிதர் நன்றாக இருக்கிறார் என்று சொன்னால், நீங்கள் எப்போது பார்த்தீர்கள், வேலை நேரத்திலா, சும்மா இருந்தபோதா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். உன்னிடமிருந்து வந்த கேள்வி என்று அவர்களுக்குத் தெரியாது.

முடிவாகாமல் இருப்பவை இரண்டு. திருத்தம் வருமா, எந்தப் பக்கத்தில், எத்தனை வரி என்பதைச் சனிக்கிழமை மாலைக்குள் சொல்வதாகச் செய்தி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கோமதியின் விசாரணை வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. கட்டிங் வந்தாலும் வராவிட்டாலும் மெஷினைக் கொண்டுவரலாம் என்று அதே கிளார்க் அவளிடம் சொல்லியிருக்கிறார். உன்னை நினைவு வைத்திருக்கிறாராம்.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். மெஷினை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறேன். கரெண்ட் போனாலும் ஓடட்டும் என்று இன்வர்ட்டரும் கூட வருகிறது. மேசையில் வைத்து, செட்டிங்கை இறக்கி, கீபோர்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்ட பிறகு, மவுஸுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அரை மணி நேரம். யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.